மலைப்பாதையும் பந்தய விதியும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை கடுகண்ணாவை மலையின் உச்சியைத் தொடும் இடத்தில் உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. அச்சாலையை அமைக்கும் பணியை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் என்னும் பொறியியலாளரின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. 1820களில், ஆளுநர் சேர் எட்வேட் பான்ஸின் ஆணைப்படி, இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தின் துணையுடன் காடு வெட்டி, பாறை குடைந்து இச்சாலை அமைக்கப்பட்டது. சாலை முற்றுப்பெற்ற மகிழ்ச்சியை நெடுங்காலம் நுகர டோசனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1829ஆம் ஆண்டில் அவர் காலமானார். கோபுரம் எழுந்த அதே 1832ஆம் ஆண்டில், கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று.

அன்று தொட்டு இன்றுவரை இம்மலையில் ஏறிய வண்டிகள் எத்தனையோ வகை. மாட்டு வண்டி ஏறியது, தபால் வண்டி ஏறியது, புகைவண்டி ஏறியது, மோட்டார் வண்டியும் ஏறியது. ஏறிய ஒவ்வொன்றுக்கும் மலை ஒரே நிபந்தனையைத்தான் விதித்தது. "என் சரிவு இவ்வளவு, இதற்கேற்ற வலுவோடு வா, இறங்கும்போது உன்னை நீயே அடக்கிக்கொள்ளும் ஆற்றலோடும் வா" என்பதே அந்நிபந்தனை. மலையோடு வாதாட இயலாது. அதற்குக் கையூட்டுக் கொடுக்கவும் இயலாது. ஆகவே வண்டியை அமைப்பவன்தான் மலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வுண்மையைப் புகையிரதப் பாதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களின் விளைவை மாட்டு வண்டிகளில் துறைமுகம் சேர்ப்பது செலவு மிகுந்ததாயும் காலம் கடத்துவதாயும் இருந்தமையால், தோட்டத்துரைமார் புகையிரதம் வேண்டுமென்று வற்புறுத்தினர். 1867ஆம் ஆண்டில் பாதை கண்டியை அடைந்தது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைவரை அது ஏறத்தாழ 1,400 அடி ஏறுகிறது. அங்கே சரிவு 45க்கு 1 என்னும் அளவினது. அதாவது 45 அடி முன்னேறினால் ஓரடி மேலெழ வேண்டும். சாலைக்கு இது சிறிய ஏற்றமாகத் தோன்றலாம். ஆனால் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும் இரும்புச் சக்கரத்திற்கு இது பெரிய சோதனை. எனவே றம்புக்கணையில் இன்னோர் எஞ்சினைப் பூட்டி மலையேற்றுவது வழக்கமாயிற்று. 1927இல், ஒரே கொதிகலனின் கீழ் இரண்டு எஞ்சின்களின் சக்கரத் தொகுதிகளைக் கொண்ட கரட் வகை எஞ்சின் வரவழைக்கப்பட்டது. 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் வந்தன. எஞ்சின்கள் மாறின, சரிவு மாறவில்லை. இவ்வரலாற்றைக் காண விழைவோர்க்குக் கடுகண்ணாவையிலேயே 2014ஆம் ஆண்டு முதல் தேசியப் புகையிரத அருங்காட்சியகம் திறந்திருக்கிறது.

இயற்கை விதிக்கும் நிபந்தனை மாறாதது. மனிதன் விதிக்கும் நிபந்தனையோ காலந்தோறும் மாறுவது. அவ்வாறு விதி மாறும்போது யந்திரத்தின் வடிவம் என்னவாகிறது? இவ்வினாவுக்கு விடை தேட, நூறாண்டு கடந்த ஒரு பந்தயத்தின் வரலாறு பெரிதும் துணைபுரிகிறது. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேர மோட்டார்ப் பந்தயமே அது.

ஒரு பிற்பகலில் தொடங்கி மறுநாட் பிற்பகலில் முடியும் இப்பந்தயத்தில், ஒரு வண்டியைச் சாரதிகள் முறைவைத்து ஓட்டுவர். சுற்றின் நீளம் இக்காலத்தில் சற்றேறக்குறைய 13.6 கிலோமீற்றர். 2010ஆம் ஆண்டில் வென்ற ஔடி வண்டி 24 மணி நேரத்தில் 5,410 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடியது. கொழும்புக்கும் கண்டிக்குமிடையே ஏறக்குறைய 47 தடவை ஓடிய தூரம் அது. இத்தகைய பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. இரவில் ஒளி வேண்டும். மழையில் பிடிப்பு வேண்டும். தடை தேயாதிருக்க வேண்டும். எரிபொருளைச் சிக்கனமாய்ச் செலவிட வேண்டும். ஓட்டத்தை முடிக்காத வண்டி எவ்வளவு விரைந்தோடினும் பயனில்லை.

முதற் பந்தயம் 1923ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்றது. மக்கள் வாங்கிப் பயணஞ் செய்யும் வண்டிகளைச் சோதிப்பதே அமைப்பாளர்களின் நோக்கம். ஆதலால் மிகச் சிறியவை தவிர்ந்த ஏனைய வண்டிகளில் நான்கு இருக்கைகள் இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். சாரதியைத் தவிர ஏனைய இருக்கைகளுக்கு, ஆள் ஒருவருக்கு 60 கிலோகிராம் வீதம் பாரம் ஏற்றச் செய்தனர். சேறுதாங்கியும் விளக்கும் மடக்குக் கூரையும் கட்டாயமாயின. மறு ஆண்டில், சாரதி வண்டியை நிறுத்தித் தன் கையாலேயே கூரையை விரித்துக் கட்டி, அக்கூரையோடு பல சுற்றுகள் ஓட வேண்டுமென்ற விதியும் வந்தது. பழுதானால், வண்டியிலுள்ள கருவிகளைக் கொண்டு சாரதியே திருத்த வேண்டும். இன்று இவற்றைக் கேட்டால் நகைப்புத் தோன்றலாம். ஆயினும் விளைவு நகைப்புக்குரியதன்று. காற்றில் பிய்ந்துபோகாத கூரை, அதிர்ச்சியில் அணையாத விளக்கு, எளிதிற் கழற்றிப் பூட்டத்தக்க உறுப்பு ஆகியவற்றை அமைக்க வேண்டிய கட்டாயம் தொழிற்சாலைகளுக்கு ஏற்பட்டது.

விதி நேராகக் கட்டளையிடாத சில முன்னேற்றங்களும் இப்பந்தயத்தில் பிறந்தன. 1953இல் ஜகுவார் வண்டிகள் தட்டுத்தடை எனப்படும் புதுவகைத் தடையுடன் வந்தன. பழைய பறைத்தடை மூடிய கிண்ணத்தினுள் உராய்வது. மீண்டும் மீண்டும் அழுத்தினால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கண்டிச் சாலையில் கனத்த லொறியைக் கீழே இறக்கிய சாரதிகள் இதனை நன்கறிவர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற மலைநாட்டு முதுமொழி இக்குறையினாற் பிறந்ததே. தட்டுத்தடையோ திறந்த காற்றில் சுழலும் தட்டினைப் பற்றுவது, விரைவிற் குளிர்வது. அவ்வாண்டில் ஜகுவார் வென்றது. அப்பந்தயத்தில் முதன்முறையாகச் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்தது. பந்தயத்திற் பரீட்சிக்கப்பெற்ற அத்தடை பின்னர் உலகெங்குமுள்ள சாதாரண வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் வண்டிகள் வளர்ந்த வேகத்தில் பாதை வளரவில்லை. 1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள், எரிபொருள் நிரப்பும் இடத்திற்குத் திரும்புவதற்காக ஒரு வண்டி வேகங் குறைத்தது. பின்வந்த வண்டி அதனை விலகிச் செல்ல முயன்றது. அதன் பின்னால் மிகுந்த வேகத்தோடு வந்த மேர்சிடிஸ் வண்டி அதன்மேல் ஏறி வானில் எழுந்து பார்வையாளர் நடுவே சிதறியது. அவ்வண்டியின் சாரதி பியர் லெவேயும் பார்வையாளர் 80 பேருக்கு மேற்பட்டோரும் மாண்டனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றிலேயே மிகக் கொடிய நிகழ்ச்சி அதுவே. வண்டிகள் நிற்கும் இடத்திற்கும் ஓடும் பாதைக்குமிடையே தடுப்பு எதுவும் இருக்கவில்லை. பார்வையாளரைக் காத்தது தாழ்ந்த ஒரு மண்வரம்பு மட்டுமே. மறு ஆண்டுப் பந்தயத்திற்கு முன் பார்வையாளர் மேடைகளும் வண்டிகள் நிற்கும் இடமும் இடித்துக் கட்டப்பட்டன, பாதை அகலமாக்கப்பட்டது, முன்மாதிரி வண்டிகளின் எஞ்சின் அளவும் 2.5 லீற்றருக்குள் அடக்கப்பட்டது. சுவிற்சர்லாந்து தன் நாட்டில் வட்டப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்தது. விதிகளிற் பல இவ்வாறு உயிர்களின் விலைகொடுத்து வாங்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

விதியே ஆபத்தை வளர்த்த காலமும் உண்டு. 1925 முதல், சாரதிகள் பாதையின் குறுக்கே ஓடிச்சென்று வண்டியில் ஏறிப் புறப்படும் முறை வழக்கிலிருந்தது. பார்வைக்கு அது அழகுதான். ஆனால் இருக்கைப் பட்டி வந்த பின்னர், சில விநாடிகளை மிச்சம்பிடிக்க நினைத்தோர் பட்டியைச் சரிவரக் கட்டாமலே புறப்படலாயினர். 1969இல் பெல்சியச் சாரதி ஜக்கி இக்ஸ், எல்லோரும் ஓட, தாம் மட்டும் மெல்ல நடந்து சென்று, பட்டியை நிதானமாகக் கட்டிக்கொண்டு கடைசியாகப் புறப்பட்டார். அன்று முதற் சுற்றிலேயே ஒரு சாரதி விபத்தில் இறந்தார். மறுநாள் முடிவில் வென்றவரோ, நடந்து சென்ற இக்ஸும் அவருடைய தோழரும்! மறு ஆண்டு முதல் அவ்வோட்டப் புறப்பாடு கைவிடப்பட்டது.

அறிவுள்ள விதி வடிவமைப்பாளனைத் திருத்தும்; அரைகுறை விதி அவனுக்கு வழிகாட்டிவிடும். இதற்குப் போர்ஷ் 917 என்னும் வண்டியே சான்று. அமெரிக்க ஃபோர்ட் நிறுவனத்தின் 7 லீற்றர் எஞ்சின் வண்டிகள் 1966இலும் 1967இலும் வென்றதைக் கண்டு, வேகத்தைக் குறைக்க விரும்பிய அதிகாரிகள் 1968இல் முன்மாதிரி வண்டிகளுக்கு 3 லீற்றர் எல்லை வகுத்தனர். ஆயினும், குறைந்தது 50 எண்ணிக்கையில் தயாரிக்கப்பெறும் வண்டிகளுக்கு 5 லீற்றர்வரை இடங்கொடுத்தனர். பின்னர் அவ்வெண்ணிக்கையை 25 ஆகக் குறைத்தனர். பந்தயத்திற்கென்றே 25 வண்டிகளை யார் செய்யப்போகிறார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். 1969ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் போர்ஷ் நிறுவனம் 25 வண்டிகளைத் தன் தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் காட்டியது! தடுக்கின்கீழ் ஒருவன் நுழைந்தால் கோலத்தின்கீழ் நுழைபவன் இன்னொருவன் என்பது நம் நாட்டுப் பழமொழி. அவ்வண்டி 1970இலும் 1971இலும் வென்றது. 1971இல் அது ஓடிய தூரம் 2010 வரை எவராலும் கடக்கப்படவில்லை. ஆனால் 1972இல் 3 லீற்றர் எல்லை யாவருக்கும் பொதுவாகியதும், அவ்வரிய யந்திரம் ஒரே நாளில் லெ மான் பாதைக்குப் புறம்பாயிற்று.

1970களில் எண்ணெய் விலை ஏறியது. உலகம் எரிபொருளைப் பற்றிக் கவலை கொண்டபோது பந்தயமும் அக்கவலையிற் பங்குகொண்டது. 1982இல் வந்த குறூப் சீ என்னும் புதிய வகுப்பு, எஞ்சினின் அளவைக் கட்டுப்படுத்துவதை விட்டு, அது குடிக்கும் எரிபொருளைக் கட்டுப்படுத்தியது. தாங்கி 100 லீற்றருக்கு மேற்படலாகாது. 1,000 கிலோமீற்றர்ப் பந்தயத்தில் 600 லீற்றருக்கு மேற் செலவாகலாகாது. கண்டியிலிருந்து கொழும்பு செல்வதற்கு ஏறத்தாழ 70 லீற்றர் என்றால் நமக்கு அது பெருஞ்செலவாகவே தோன்றும். ஆனால் மணிக்கு 350 கிலோமீற்றர் வேகத்தில் விரையும் வண்டிக்கு அது கடுமையான பத்தியம். எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைத் துளித்துளியாக அளக்கும் மின்னணு முறைகள் இப்பத்தியத்தினால் விரைந்து வளர்ந்தன. காற்றை வண்டியின் அடியிற் செலுத்தி அதனைப் பாதையோடு அழுத்தும் வடிவமும் செம்மையுற்றது. போர்ஷ் 956 அவ்வாண்டில் முதல் மூன்று இடங்களையும் பெற்றது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவ்விதியைக் கைவிட்டதால் நேர்ந்த கேடும் சிந்திக்கத்தக்கது. 1991 முதல், வட்டரங்கப் பந்தய வண்டிகளை ஒத்த 3.5 லீற்றர் எஞ்சின் புகுத்தப்பட்டது. அத்தகைய எஞ்சின் விலையுயர்ந்தது. நெடுநேர ஓட்டத்திற்கென அமைந்ததன்று. பழைய விதிப்படி அமைந்த வண்டிகள்மேல் எடை சுமத்தப்பட்டது. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் மட்டும் தன் சுழலி எஞ்சின் வண்டிக்கு 830 கிலோகிராம் எடையே போதும் என்ற சலுகையைப் பெற்று, 1991இல் வாகை சூடியது. லெ மானில் ஒரு ஜப்பானிய வண்டி வென்றது அதுவே முதன்முறை. சிறு குழுக்களோ செலவு தாங்காமல் விலகின. 1992இல் லெ மானில் புறப்பட்டவை 28 வண்டிகளே. அவ்வாண்டோடு உலக விளையாட்டு வண்டிப் போட்டித் தொடரே நின்றுபோயிற்று. விதி வல்லவனுக்கு மட்டும் ஏற்றதாயின் வல்லவனும் ஈற்றில் தனியனாகிறான் என்பது இதன் பாடம்.

அதன்பின்னர் டீசல் வண்டி 2006இலும், மின்வலுவுடன் கூடிய கலப்பு வண்டி 2012இலும் வென்றன. 2014ஆம் ஆண்டின் விதி ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு எரிபொருள் வலு எனப் பங்கீடு செய்தது. அதனை எப்படிப் பயன்படுத்துவதென்பது வடிவமைப்பாளரின் விருப்பம். ஔடி 4 லீற்றர் டீசலையும், போர்ஷ் 2 லீற்றர்ச் சிறு எஞ்சினையும், டொயோட்டா 3.7 லீற்றர் எஞ்சினையும் தெரிந்தன. ஒரே வினாவுக்கு மூன்று விடைகள், மூன்றும் தகுதியானவை. எனினும் செலவு எல்லை கடந்தது. ஔடி 2016இன் முடிவிலும் போர்ஷ் 2017இன் முடிவிலும் அவ்வகுப்பை விட்டு விலகின. 2021 முதல் வந்த புதிய வகுப்பு வலுவுக்கு 500 கிலோவாற்று மேலெல்லையும், எடைக்கு 1,030 கிலோகிராம் கீழெல்லையும் வகுத்து, வேறுபட்ட வண்டிகளைச் சமப்படுத்தும் முறையையும் மேற்கொண்டது. விரைந்த வண்டியைத் தண்டிக்கும் முறை இது என்று குறைகூறுவோர் உளர். ஆயினும் 2024இல் உயர்வகுப்பில் ஒன்பது நிறுவனங்கள் போட்டியிட்டன என்பதையும் மறுக்கவியலாது. சென்னைவாசி ஒருவரும் இப்பந்தய வரலாற்றில் இடம்பெறுகிறார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் அங்கு ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய வண்டி ஆறாம் இடத்தை அடைந்தது.

இனி மலைநாட்டுக்கு மீள்வோம். கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியே ஏறிச் சென்றால் நுவரெலியாவை அடையலாம். அங்கே மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைந்த பாதையில் 1934இல் மலையேற்றப் பந்தயம் தொடங்கிற்று. ஆசியாவின் பழைமையான மோட்டார்ப் பந்தயங்களுள் அது ஒன்று. 24 மணி நேரமன்று, ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ஓட்டம் அது.

ஆயினும் இலங்கையில் உண்மையான நெடுநேரப் பந்தயம் வேறொன்று. அது சாதாரண மக்கள் சாதாரணச் சாலைகளில் நடத்தியது; அதற்கும் மாறிவரும் விதிகளே காரணமாயின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் புதிய மோட்டார் வண்டிகளின் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அந்நிலை நீடித்தது. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பேஜோவும் தமக்குரிய ஆயுளைப் பன்முறை கடந்து கடுகண்ணாவையில் ஏறியிறங்கின. கிடைக்காத உறுப்பைக் கடைந்தெடுத்தும், ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றிற்குப் பொருத்தியும் அவற்றைக் காத்த மெக்கானிக்குகளின் திறமை எந்தப் பந்தயக் குழுவின் திறமைக்கும் குறைந்ததன்று. 2020இல் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025இல் திறக்கப்பட்டபோதும் அத்திறமை தேவைப்பட்டது.

அண்மைக் காலத்தில் கண்டி வீதிகளில் மிகுந்து காணப்படும் சிறிய ஜப்பானிய வண்டிகளை நோக்குக. அவற்றின் எஞ்சின் ஏன் 660 கன சென்ரிமீற்றர்? ஜப்பானிய அரசு சிறுவண்டி வகுப்புக்கு 1990இல் வகுத்த எல்லை அது. அதற்கு முன் எல்லை 550. அதற்கும் முன் 360. அவ்வண்டிகள் ஏன் இங்கு இத்துணை பெருகின? எஞ்சின் அளவுக்கேற்ப உயரும் இலங்கை வரியே பெருங் காரணம். தோக்கியோவில் எழுதிய விதியும் கொழும்பில் எழுதிய விதியும் கடுகண்ணாவைச் சரிவிற் சந்திக்கின்றன. குடும்பத்தோர் நால்வரையும் அவர்தம் மூட்டைகளையும் ஏற்றிய சிறிய எஞ்சின் உயர்ந்த சுழற்சியில் முனகிக்கொண்டு ஏறும்போது, அவ்விரு விதிகளின் விளைவும் காதிற் கேட்கிறது.

நல்ல விதியின் இலக்கணம் இவ்வரலாற்றினால் புலனாகிறது. அது நோக்கத்தைக் கூற வேண்டும்; வழியை வடிவமைப்பாளனுக்கு விடவேண்டும். வலியோனுக்கும் எளியோனுக்கும் இடமளிக்க வேண்டும். உயிர்கள் பலியான பின்னர் எழுதப்படாமல், பலியாகுமுன்னரே எழுதப்பட வேண்டும். பந்தயச் சாலையிலாயினும் பொதுச் சாலையிலாயினும் இது பொருந்தும். கண்டிச் சாலையின் வளைவுகளில் இன்றும் பேருந்துகள் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. அங்கே வெற்றிக் கிண்ணம் எதுவும் இல்லை. பயணஞ் செய்வோரோ தாம் ஒரு பந்தயத்திற் சேர ஒப்பியவர்களும் அல்லர். டோசன் கோபுரத்தின் அடிவாரத்தைக் கடக்கும் ஒவ்வொரு சாரதியும் கைக்கொள்ள வேண்டிய விதி எழுதப்படாத பழைய விதிதான்: ஏறிய கியரிலேயே இறங்குக, இறங்கும்போது, ஏறியதைவிட நிதானமாக இறங்குக.